ஒரு சாண் மீனும் ஒரு சாண் வயிறும்: இலிஷ் குஞ்சுகளைக் கணக்கெடுத்த வரலாறு

கல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழர்களுக்கு இலிஷ் மீனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆடி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் பஸ்ஸிலும் டீக்கடையிலும் வேறு பேச்சே கிடையாது. இந்த வருஷம் வரத்து எப்படி, கிலோ என்ன விலை, டயமண்ட் ஹார்பர் மீனா பத்மா நதி மீனா என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் இதே மீனுக்குத் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு என்பதும், இது ஒரு காலத்தில் நம் கொள்ளிடத்தில் எதிர்நீச்சல் போட்டு ஏறி வந்த மீன் என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி. உல்லம் என்பது அந்தப் பெயர். கோதாவரிக் கரையில் இதைப் புலச என்பார்கள். சிந்து நதிக்கரையில் பல்லா. ஊருக்கு ஒரு பெயராக இருந்தாலும் மீன் ஒன்றுதான்.

பிறப்பால் சமணன், தொழிலால் பாத்திர வியாபாரி. மீனைத் தொடாத நான் மீனைப் பற்றி எழுதுவதா என்று சங்கத்து நண்பர்கள் கேலி செய்தார்கள். நியாயமான கேலிதான். ஆனால் இந்தக் கட்டுரையின் பொருள் சாப்பாட்டு மீன் அல்ல, மீன்குஞ்சு. அதிலும் குஞ்சைக் கணக்கெடுக்கும் வழக்கம் எப்படி வந்தது, யார் செய்தார்கள், எங்கே செய்யாமல் விட்டோம், விட்டதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. முதல் எது, வட்டி எது என்று பிரித்துப் பார்ப்பது வியாபாரிக்குத் தெரிந்த வித்தை. வட்டியைச் செலவு செய்யலாம், முதலில் கை வைத்தால் கடை மூட வேண்டியதுதான். ஆற்றுக்கும் கடலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்பதை வரலாறு காட்டுகிறது.

மீனின் வாழ்க்கைச் சுற்று

இலிஷ் கரையோரக் கடலில் வாழும் மீன். முட்டையிடுவதற்கு மட்டும் நதியில் ஏறும். மழைக்காலத்தில் புதுவெள்ளம் கடலில் கலக்கும்போது கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்தில் நுழையும். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் முட்டையிடுவது உச்சத்தை அடைகிறது. பெரிய பெண்மீன் ஒன்றின் வயிற்றில் ஒரு லட்சம் முதல் இருபது லட்சம் வரை முட்டைகள் இருக்கும் என்பர். முட்டை சுமார் ஒரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் ஐந்தாறு மாதம் நதியிலேயே வளர்ந்து, மாசி தொடங்கிச் சிறிது சிறிதாகக் கீழே இறங்கிக் கடலுக்குப் போகும். ஒன்றிரண்டு ஆண்டுகளில் பருவமடைந்து மறுபடியும் நதிக்கு வரும்.

இருபது லட்சம் முட்டை இருக்கும்போது என்ன குறைந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். நெடுங்காலம் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில் முட்டையிலிருந்து முழு மீனாக வந்து சேருவது மிகச் சொற்பம். அப்படித் தப்பிப் பிழைத்து ஒரு சாண் அளவை எட்டப்போகும் குஞ்சுதான் அடுத்த ஆண்டுகளின் முதல். வங்காளத்தில் அதைக் கோகா இலிஷ், அதாவது குழந்தை இலிஷ் என்கிறார்கள். வங்கதேசத்தில் ஜாட்கா. அந்த ஐந்தாறு மாதம் அது ஆற்றிலேயே, வலைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அசோகர் ஆணையில் ஒரு செய்தி

இளம் உயிர்களைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் இந்நாட்டுக்குப் புதிதல்ல. அசோகச் சக்கரவர்த்தி பட்டம் சூட்டிய 26ஆம் ஆண்டில் பொறித்த ஐந்தாம் தூண் ஆணையில், கொல்லக்கூடாத உயிர்களின் பட்டியல் ஒன்று வருகிறது. அதில் சில மீன்களின் பெயர்களும் உண்டு. அவை எந்த மீன்கள் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. சினையுற்ற ஆடு, செம்மறி, பன்றி, பால் கொடுக்கும் நிலையில் உள்ளவை, ஆறு மாதத்துக்கு உட்பட்ட அவற்றின் குட்டிகள் இவற்றையும் கொல்லக்கூடாது என்கிறது அவ்வாணை. மீனைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட பௌர்ணமிகளை ஒட்டிய நாட்களிலும் விரத நாட்களிலும் பிடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. டெல்லி பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் தூணில் இவ்வாணை இன்றும் இருக்கிறது.

இதில் ஒன்று கவனிக்கத்தக்கது. ஆட்டுக்குட்டிக்கு ஆறு மாதம் என்று வயது சொன்ன அரசர், மீனுக்கு நாள்தான் சொன்னார், வயது சொல்லவில்லை. காரணம் எளிது. குட்டி பிறந்த நாள் மேய்ப்பவனுக்குத் தெரியும். மீன்குஞ்சு பிறந்த நாள் யாருக்குத் தெரியும்? தண்ணீருக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. குஞ்சைக் காக்க வேண்டுமானால் முதலில் அது எங்கே பிறக்கிறது, எவ்வளவு நாளில் எவ்வளவு வளர்கிறது என்று தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் நம் கொள்ளிடத்தில் ஒரு கதை நடந்து முடிந்துவிட்டது.

கொள்ளிடம்: எண்ணாமல் இழந்தது

ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டி முடித்தார். தஞ்சைத் தரணி பிழைத்தது. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் பழையாற்றுப் பக்கம் கடலிலிருந்து நுழைந்து மேலே ஏறும் உல்லம் மீனுக்குக் கீழணை ஒரு சுவராக நின்றது. அணையைத் தாண்டிப் போக வழியில்லாமல் மீன்கள் அதன் அடியில் குவிந்தன. குவிந்த இடத்தில் வலை போடுவது சுலபம். முட்டை சுமந்த மீன் அங்கேயே பிடிபட்டது.

ஆச்சரியம் என்னவென்றால், இதை முதலில் அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அணை கட்டிய காட்டனே ஒருவர். பெரிய நதிகளின் குறுக்கே கட்டும் அணைகளால் கடலோர மீன்வளம் கெடலாம் என்று அவர் 1867இல் எழுதினார். தான் கட்டியதன் நன்மையைச் சொல்லும் உரிமை உள்ளவர், தீமையையும் தானே சொன்னார். பெரிய மனது!

அதன் தொடர்ச்சியாக விசாரணையில் இறங்கியவர் பிரான்சிஸ் டே. சென்னை ராஜதானியில் ராணுவ வைத்தியராக இருந்து மீனியல் அறிஞரானவர் அவர். இந்தியா, பர்மா நன்னீர் மீன்களைப் பற்றி அவர் 1873இல் வெளியிட்ட அறிக்கை நம் கவனத்துக்கு உரியது. கலெக்டர் முதல் தாசில்தார் வரை எல்லோருக்கும் கேள்விகள் அனுப்பினார். உங்கள் பகுதியில் வலைக்கண்ணின் மிகச் சிறிய அளவு என்ன? முட்டையிடும் மீனும் குஞ்சும் அழிக்கப்படுகின்றனவா? வயலிலும் வாய்க்காலிலும் பொறி வைக்கிறார்களா? பல இடங்களிலிருந்து வந்த பதில் ஒரே மாதிரிதான் இருந்தது. குஞ்சும் அழிகிறது, தடுக்கச் சட்டமும் இல்லை என்றார்கள். வலைக்கண்ணுக்கு அளவு வைக்க வேண்டும் என்றார் டே. பின்னர் 1897இல் வந்த இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுத்தது. வலை அளவையும் பிடிக்கக்கூடாத காலத்தையும் விதிகளாக வகுக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. அதிகாரம் வந்ததே ஒழிய, எந்த ஆற்றில் எத்தனை குஞ்சு இருக்கிறது என்ற கணக்கு வரவில்லை.

சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் 1907இல் மீன்வளத்துக்கென ஒரு தனி அலுவலகம் ஏற்பட்டது. அதில் பணிபுரிந்த வில்சன் 1909இல் கீழணையில் உல்லம் மீனின் முட்டையைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பார்த்தார். இந்தியாவில் இம்மீனில் நடந்த முதல் முயற்சி அதுவே. நம் அணைக்கரைக்கு இப்படி ஒரு பெருமை உண்டு என்பதைத் தஞ்சை மாவட்டத்துக்காரர்களே அறிந்திருக்கிறார்களா என்பது சந்தேகம். ஆனால் முயற்சி நிலைக்கவில்லை. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, காவிரியின் பெருவெள்ளம் அணைக்குள் அடங்கியது. வெள்ளத்தின் வாசனையைப் பிடித்து ஏறும் மீனுக்கு அழைப்பு நின்றுபோயிற்று. கொள்ளிடத்து உல்லம் அநேகமாக அற்றுப்போனது.

அணை கட்டியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நெல்லின் வரவு பேரேட்டில் ஏறியது, மீனின் நஷ்டம் ஏறவில்லை. நம்மிடம் குறைந்தது எவ்வளவு என்று சொல்ல, முன்பு இருந்தது எவ்வளவு என்ற கணக்கே இல்லை. எண்ணாமல் இழந்த பொருளுக்கு வழக்குப் போடவும் முடியாது.

பல்தா குளத்தில் கிடைத்த சாட்சி

இனி வங்காளத்துக்கு வருவோம். கங்கைக்கு இம்மீன் புதிதல்ல. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் நூலில் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். மைசூர், மலபார் பகுதிகளில் பயணம் செய்து எழுதிய புக்கானன் என்பவரும் இவரே. பெயர் சூட்டியாயிற்று. ஆனால் எங்கே முட்டையிடுகிறது என்ற கேள்விக்கு அதன் பிறகும் நூறு ஆண்டுகளுக்கு மேல் தெளிவான விடை இல்லை.

விடை கிடைத்த இடம் வேடிக்கையானது. பாரக்பூருக்கு அருகில் பல்தா என்ற இடத்தில்தான் கல்கத்தாவுக்குக் குடிநீர் வழங்கும் பழைய நீரேற்று நிலையம் இருக்கிறது. ஹூக்ளித் தண்ணீரை இறைத்து, வண்டல் படிவதற்காகப் பெரிய குளங்களில் தேக்கி வைப்பார்கள். நாம் தினம் குடிக்கிற அந்தத் தண்ணீரின் குளத்தில் இலிஷ் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன!

இதன் பொருளைச் சரியாகப் படித்தவர் சுந்தர் லால் ஹோரா. பஞ்சாபில் பிறந்து, கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றி, 1947இல் அதன் இயக்குநரானவர். 1938இல் அவர் வெளியிட்ட குறிப்பின் சாரத்தை நம் பாஷையில் சொன்னால் இப்படி. பெரிய மீன் குழாய் வழியாகக் குளத்துக்குள் வர முடியாது. எனவே முட்டையாகவோ பொடிக் குஞ்சாகவோதான் வந்திருக்க வேண்டும். அப்படியானால் முட்டையிடும் இடம் பல்தாவுக்கு வெகு தூரத்தில் இல்லை, ஹூக்ளியின் நன்னீர்ப் பகுதியிலேயே இருக்கிறது. மேலும் குளத்துக்குள் வந்தது வெளியே போக முடியாது என்பதால், குஞ்சு எவ்வளவு காலத்தில் எவ்வளவு வளர்கிறது என்பதற்கும் ஒரு தடயம் கிடைத்தது. அசோகர் ஆணையில் சொல்ல முடியாமல் போன மீனின் வயதுக்கு முதல் சாட்சி ஒரு குடிநீர்க் குளத்தில் கிடைத்தது எனலாம். 1940இல் பேனி பிரசாத், ஹோரா, நாயர் மூவரும் குஞ்சுகள் கடலை நோக்கி இறங்குவதைப் பற்றியும் எழுதினார்கள்.

இதே ஹோரா பிற்காலத்தில் அசோகரின் ஐந்தாம் தூண் ஆணையை மீன்வளச் சட்டம் என்ற நோக்கில் ஆராய்ந்து எழுதியவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. குளத்துக் குஞ்சையும் கல்வெட்டையும் ஒரே மனிதர் படித்திருக்கிறார்!

நாடு விடுதலையான 1947ஆம் ஆண்டிலேயே மத்திய உள்நாட்டு மீன்வள ஆய்வு நிலையம் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. பின்னர் அது பாரக்பூரில் நிலைபெற்றது. அங்கே ஜோன்ஸும் மேனனும் 1951இல் இலிஷின் முட்டை, பொரித்த குஞ்சு, அதன் வளர்ச்சிப் படிகள் ஆகியவற்றை விவரித்தார்கள். இந்த ஜோன்ஸ்தான் பின்னால் நம் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர்.

எப்படி எண்ணுகிறார்கள்?

ஓடும் ஆற்றில் குஞ்சை எண்ணுவது எப்படி என்று வாசகர்கள் கேட்கலாம். முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். ஹூக்ளியில் பீன் ஜால் என்று ஒரு வலை உண்டு. நம் ஊர் மடிவலையைப் போன்றது. வாய் அகன்று, போகப்போகக் குறுகி, பை மாதிரி முடியும். அதை நீரோட்டத்துக்கு எதிராகக் கட்டிவிட்டால் ஓட்டத்தோடு வருவதெல்லாம் பையில் சேரும். குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட வலையைக் குறிப்பிட்ட நேரம் கட்டி, விழுந்த இலிஷ் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். ஒவ்வொன்றின் நீளத்தையும் அளக்கிறார்கள், எடை பார்க்கிறார்கள். இதையே மாதாமாதம், வருஷா வருஷம் அதே இடத்தில் செய்ய வேண்டும். ஒரு நாள் எண்ணிக்கை எதையும் சொல்லாது. பத்து வருஷ எண்ணிக்கைதான் பேசும்.

நீளம் எதற்கு? தையில் இத்தனை விரற்கடை இருந்த குஞ்சு பங்குனியில் இத்தனை ஆயிற்று என்று தெரிந்தால் வளர்ச்சி தெரியும். எந்த மாதம் எந்த இடத்தில் குஞ்சு அதிகம் என்று தெரிந்தால், அந்த இடத்தை அந்த மாதம் மட்டும் மூடினால் போதும். வருஷம் முழுக்க ஆற்றையே மூடி ஜனங்களின் வயிற்றில் அடிக்க வேண்டியதில்லை. கணக்கெடுப்பினால் ஏழைக்குக் கிடைக்கும் லாபம் இதுவே என்பது என் கருத்து.

இதில் தவறு நேரவும் இடம் உண்டு. அமாவாசை, பௌர்ணமியில் நீரோட்டம் வேகமாக இருக்கும்போது வலையில் விழுவது வேறு, அஷ்டமியில் விழுவது வேறு. அடுத்தது ஆள்மாறாட்டம். சாப்பிலா என்ற சிறுமீன் பார்வைக்கு இலிஷ் குஞ்சு மாதிரியே இருக்கும். சந்தையில் இலிஷ் குஞ்சைச் சாப்பிலா என்று சொல்லி விற்பதும் உண்டு. செதிலை எண்ணிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். பக்கவாட்டு வரிசையில் இலிஷுக்கு ஐம்பதுக்குள் இருக்கும். சாப்பிலாவுக்குச் செதில் பொடிப்பொடியாக எண்பதுக்கு மேல் போகும். ஆக, மீனை எண்ணப் போனவர் செதிலையும் எண்ண வேண்டும்.

ஃபராக்கா: இரண்டாம் கீழணை

கொள்ளிடத்தில் நடந்தது கங்கையில் மறுபடியும் நடந்தது. 1975இல் ஃபராக்கா அணை செயல்படத் தொடங்கியது. கல்கத்தாத் துறைமுகத்தில் சேரும் வண்டலை அடித்துக்கொண்டு போக ஹூக்ளிக்குத் தண்ணீர் வேண்டும் என்பதே நோக்கம். அதுவரை பக்சர், அலகாபாத் என்று வெகுதூரம் மேலே ஏறிய இலிஷ் ஃபராக்காவில் நின்றது. பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இதை நம்பி வாழ்ந்த மீனவர்கள் தொழிலை இழந்தார்கள். நம் துறைமுகத்தின் லாபத்துக்கு அலகாபாத்துக்காரன் விலை கொடுத்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். இந்த முறை முன்பு எவ்வளவு என்ற கணக்கு பாரக்பூர் விஞ்ஞானிகளிடம் இருந்தது. அணைக்கு முன், அணைக்குப் பின் என்று அவர்களால் ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது. அதனால்தான் 2018க்குப் பிறகு, கங்கைத் தூய்மைத் திட்டத்தின் துணையோடு, ஃபராக்காவுக்கு மேலே இலிஷ் மீன்களைக் கொண்டுபோய் விடும் வேலையும், சிலவற்றுக்கு அடையாளம் கட்டி எங்கே போகின்றன என்று பின்தொடரும் வேலையும் நடந்து வருகின்றன. இழந்தது திரும்புமா என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டும். இழந்தது எவ்வளவு என்றாவது தெரிகிறது. கொள்ளிடத்துக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

வங்கதேசத்தின் பாடம்

குஞ்சைக் காப்பதில் நம் அண்டை நாடு முந்திக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிழக்கு வங்காளத்தில் 1950இலேயே மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இலிஷ் குஞ்சுக்கு வைத்த பழைய அளவு 9 அங்குலம், அதாவது 23 சென்டிமீட்டர். நெடுநாள் அது காகிதத்தில்தான் இருந்தது. 2002-03இல் வங்கதேசத்தின் இலிஷ் உற்பத்தி சுமார் 1.99 லட்சம் டன்னாக இறங்கியபோதுதான் விழித்துக்கொண்டார்கள்.

சாந்த்பூர் ஆய்வு நிலையத்தார் குஞ்சு எங்கே திரள்கிறது என்று எடுத்த கணக்கின் அடிப்படையில், மேக்னா முதலிய நதிப்பகுதிகளில் சரணாலயங்கள் ஏற்பட்டன. இன்று அவை ஆறு. நவம்பர் 1 முதல் ஜூன் 30 வரை ஜாட்கா பிடிக்கத் தடை. அக்டோபரில் முட்டையிடும் காலத்தில் 22 நாள் இலிஷ் பிடிக்கவே தடை. 2014இல் குஞ்சின் அளவை 25 சென்டிமீட்டர் ஆக்கினார்கள். ஆண்டுதோறும் ஜாட்கா பாதுகாப்பு வாரம் என்று ஒன்றும் கொண்டாடுகிறார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் அதுவும் காகிதச் சட்டமாகவே போயிருக்கும். தடைக்காலத்தில் பதிவு செய்த மீனவர் குடும்பத்துக்கு மாதம் 40 கிலோ அரிசி வீதம் நான்கு மாதம் கொடுத்தார்கள். 2017-18இல் உற்பத்தி 5.17 லட்சம் டன்னைத் தொட்டது. படகும் வலையும் பெருகியதற்கும் இதில் பங்கு உண்டு. எல்லாப் பெருமையையும் சட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. அதன் பிறகு 2022-23இல் 5.71 லட்சம் டன் வரை ஏறி, அடுத்த ஆண்டே 5.29 லட்சமாக இறங்கியது. ஆகவே, பாடம் முடிந்துவிட்டது என்று புத்தகத்தை மூடவும் முடியாது.

வியாபாரி என்ற முறையில் என் மனதில் தைத்த விஷயம் இன்னொன்று. அந்தக் கரையில் தாதன் என்றொரு வழக்கம் இருக்கிறது. மொத்த வியாபாரி மீனவனுக்கு வலைக்கும் படகுக்கும் முன்பணம் கொடுப்பார். பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். தடைக்காலத்தில் அரிசி வரும், ஆனால் கடன் நிற்காது. வெறும் அரிசியை வைத்துக்கொண்டு எண்ணெய், உப்பு, பிள்ளையின் பள்ளிச் செலவு எல்லாம் எப்படி நடக்கும்? எனவே இருட்டில் சின்னக்கண் வலையை எடுத்துக்கொண்டு போகிறான். நம் பெரியவர்கள் ஒரு சாண் வயிற்றுக்காக என்று சொல்வார்கள். ஒரு சாண் மீனைப் பிடிக்காதே என்று சட்டம் சொல்கிறது, ஒரு சாண் வயிறு பிடி என்கிறது. இரண்டு சாணுக்கும் நடுவில் நிற்கிற மனிதனைக் கணக்கில் சேர்க்காமல் குஞ்சை மட்டும் எண்ணினால் அந்தக் கணக்கு நேராகாது.

நம் மேற்கு வங்கத்தில்

மேற்கு வங்க அரசு 2013இல் விதிகளைத் திருத்தியது. 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிக்கவோ விற்கவோ கூடாது. 90 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண் உள்ள வலை ஆகாது. முட்டையிடும் பருவத்தில் பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து நாள் தடை. லால்பாக் முதல் ஃபராக்கா, காட்வா முதல் ஹூக்ளி காட் முதலிய சில பகுதிகளில் குறிப்பிட்ட மாதங்களில் தடை. பௌர்ணமியை ஒட்டிய தடை என்றதும் அசோகர் நினைவு வருகிறது அல்லவா? இரண்டாயிரம் ஆண்டு கழித்து விஞ்ஞானமும் அதே திதிக்கு வந்து நின்றிருக்கிறது. அவர் தர்மத்துக்காகச் சொன்னார், இவர்கள் முட்டையைப் பார்த்துச் சொன்னார்கள்.

சட்டத்துக்கு முன்பே ஜனங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த பல குடும்பங்களில் லக்ஷ்மி பூஜைக்குப் பிறகு இலிஷ் வாங்க மாட்டார்கள். சரஸ்வதி பூஜையன்று ஜோடி இலிஷ் வாங்கித்தான் மறுபடி தொடங்குவார்கள். முட்டையிட்டுத் திரும்பும் மீனையும், குளிர்காலத்தில் ஆற்றில் வளரும் குஞ்சையும் இந்த வழக்கம் போலீஸ் இல்லாமலே காத்தது. இப்போது ஐஸ் பெட்டியும் பணமும் வந்த பிறகு அந்த வழக்கமும் தளர்ந்துவிட்டது. குளிர்காலத்திலேயே கோகா இலிஷ் மலிவு விலையில் கூறு கட்டி விற்பதைச் சந்தையில் நானே பார்த்திருக்கிறேன். வாங்குகிறவர் பெரும்பாலும் பெரிய இலிஷின் விலை கட்டுப்படியாகாத சம்பளக்காரர். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு கிலோவுக்கு எத்தனை குஞ்சு நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவை ஒவ்வொன்றும் அரைக் கிலோ, ஒரு கிலோ ஆகியிருக்க வேண்டியவை. விலை ஏறியதற்குக் காரணத்தை வாங்கியவர் தன் பையிலேயே போட்டுக்கொண்டு போகிறார்.

பிடிக்கிறவனுக்கு மட்டும் அபராதம் போட்டால் போதாது. எங்கள் தொழிலில் முத்திரை இல்லாத எடைக்கல் வைத்திருந்தால் கடைக்காரனைத்தான் கேட்பார்கள், கல் வார்த்தவனை அல்ல. அதுபோல் மொத்தச் சந்தையில் இறங்கும் பெட்டியைத் திறந்து அளந்தால், ஆற்றில் நூறு படகைத் துரத்த வேண்டிய வேலை மிச்சம்.

முடிவுரை

மேலே கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் புலனாகின்றன. ஒன்று, பிடிபட்ட பெரிய மீனின் கணக்கு நேற்றைய கணக்கு, குஞ்சின் கணக்கே நாளைய கணக்கு. இரண்டு, கணக்கு இருந்த இடத்தில் இழப்பைப் பற்றிப் பேசவாவது முடிந்தது. கணக்கு இல்லாத கொள்ளிடத்தில் உல்லம் என்ற பெயரே அகராதிச் சொல்லாகிவிட்டது. மூன்று, குஞ்சை எண்ணுகிற அதே ஏட்டின் அடுத்த பக்கத்தில் மீனவன் வீட்டு அரிசியையும் கடனையும் எழுதியாக வேண்டும்.

இந்த மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். அணைக்கரை, பழையாறு பக்கத்து உறவினர் யாருக்காவது இருந்தால், உல்லம் மீன் ஏறியதைப் பற்றி அங்குள்ள முதியவர்கள் கேட்டறிந்ததை எழுதி வாங்கி வையுங்கள். இன்னும் பத்து வருஷம் போனால் சொல்ல ஆள் இருக்காது. அடுத்தது, மீன் சாப்பிடும் அன்பர்களுக்கு. இலிஷ் வாங்கும்போது ஸ்கேல் தேட வேண்டாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி ஒரு சாண் வைத்துப் பாருங்கள். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், நம் முன்னோர் வைத்த சாண் 9 அங்குலம்தான். சட்டம் சொல்லும் 23 சென்டிமீட்டரும் அதுவே. சாணுக்குள் அடங்கிவிட்டால் அந்த மீனை அங்கேயே வைத்துவிடுங்கள். கடைக்காரர் ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது பெட்டி சந்தைக்கு வராது.